மருந்து ஆய்வில் ஸ்கேன் எதற்கு, அதை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி இரண்டு பகுதியாக வந்திருக்கிறது. நோய் என்னவென்று ஏற்கெனவே தெரிந்தவர்களைச் சேர்த்துத்தான் புதிய மருந்தைச் சோதிக்கிறார்கள். அப்படியிருக்க, ஆறு வாரத்துக்கோ எட்டு வாரத்துக்கோ ஒருமுறை அவர்களுக்கு எதற்காக சி.டி., எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன் என்று எடுக்கிறார்கள் என்பது முதல் பகுதி. "ஸ்கேனில் முன்னேற்றம் தெரிந்தது" என்று ஓர் ஆய்வு சொன்னால் அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது இரண்டாவது.

முதல் பகுதிக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லிவிடலாம். மருத்துவமனையில் ஸ்கேன் நோயைக் காட்டுகிறது. ஆய்வில் அது நோயை அளக்கிறது. யாரைச் சேர்ப்பது, எவ்வளவு மருந்து கொடுப்பது, மருந்து வேலை செய்கிறதா, எங்காவது கேடு செய்கிறதா என்ற எல்லாவற்றுக்கும் ஓர் அளவு வேண்டும். உடலைத் திறக்காமல், அதே நோயாளியிடம் திரும்பத் திரும்ப எடுக்கக்கூடிய அளவு ஸ்கேனில்தான் கிடைக்கிறது.

இரண்டாவது பகுதி அவ்வளவு எளிதில் முடியாது. ஸ்கேன் தரும் எண்ணை நம்ப இரண்டு நிபந்தனைகள் உண்டு. எண் நேர்மையாக அளக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த எண்ணுக்கும் நோயாளி எவ்வளவு காலம், எவ்வளவு நன்றாக வாழ்கிறார் என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டும். முதலாவதை இந்தத் துறை நன்றாகவே கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாவதில்தான் திரும்பத் திரும்பச் சறுக்குகிறோம்.

இரண்டுமே நவீன மருந்து ஆய்வு பிறந்தபோது கூடவே பிறந்த பிரச்சினைகள். நுரையீரல் காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் கொடுத்துப் பார்த்த ஆய்வை பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1948இல் வெளியிட்டது. மொத்தம் 107 நோயாளிகள். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பதைச் சமவாய்ப்பு எண்கள் தீர்மானித்தன. இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி அடுத்தது. இரண்டு கதிரியக்க மருத்துவர்களும் ஒரு பொது மருத்துவரும் எக்ஸ்ரே படங்களைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். எந்தப் படம் எந்தக் குழுவைச் சேர்ந்தவருடையது என்பது மூவருக்கும் தெரியாது. ஆறு மாத முடிவில், மருந்துக் குழுவில் 28 பேருக்கு எக்ஸ்ரேயில் கணிசமான முன்னேற்றம். மற்றக் குழுவில் 4 பேருக்கு. இறந்தவர்கள் மருந்துக் குழுவில் 4 பேர், மற்றதில் 14 பேர். படம் சொன்னதையே உயிரிழப்புக் கணக்கும் சொன்னது.

ஆனால் ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோது இரு குழுக்களின் இறப்புக்கும் இடையிலிருந்த வித்தியாசம் பெரிதும் சுருங்கியிருந்தது. மருந்துக்கு மசியாத கிருமிகள் பெருகிவிட்டன. ஆறு மாத எக்ஸ்ரே உண்மையைத்தான் சொன்னது, ஆனால் ஆறு மாதத்து உண்மையை மட்டும்.

இனி அளப்பதைப் பற்றி. ஸ்கேனில் ஒரு கட்டியை அளப்பது என்றால் அளவுகோலை வைத்து ஒரு கோடு போடுவதுதானே என்று தோன்றும். 1976இல் மோர்டெல், ஹான்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மென்மையான மெத்தையின் மேல் வெவ்வேறு அளவுள்ள 12 கோளங்களை வைத்து, ரப்பர் நுரை விரிப்பால் மூடி, அனுபவமுள்ள 16 புற்றுநோய் மருத்துவர்களைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்த்து அளக்கச் சொன்னார்கள். சில கோளங்கள் ஒரே அளவு. மருத்துவர்களுக்கு அது தெரியாது. அளவு மாறாத கோளத்தையே "சுருங்கிவிட்டது" என்று கணக்கு காட்டிய அளவீடுகள் கணிசமாக இருந்தன. கால் பங்கு சுருங்கினால் பலன் என்று வைத்தால் பொய்ப் பலன்கள் அதிகம் வந்தன; பாதியாகச் சுருங்கினால்தான் பலன் என்று வைத்தால் அவை வெகுவாகக் குறைந்தன. உலக சுகாதார நிறுவனம் 1979இல் வகுத்த விதியில் இந்தப் பாதிக் கணக்கு இடம்பெற்றது: கட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி வரும் எண் 50 சதவீதம் குறைய வேண்டும்.

2000இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட 'ரெசிஸ்ட்' விதிகள் இதை எளிமையாக்கின. பெருக்கல் வேண்டாம், ஒரே ஒரு நீளம் போதும். அது 30 சதவீதம் குறைந்தால் 'பகுதிப் பலன்'. இந்த 30 எங்கிருந்து வந்தது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்: நீளமும் அகலமும் 0.7 மடங்கானால் பெருக்கல் 0.49 மடங்கு, ஏறத்தாழ பாதி. ஆக, இன்றைக்கு உலகெங்கும் புற்றுநோய் மருந்துகளின் தலைவிதியைத் தீர்மானிக்கும் அந்த 30 சதவீதத்துக்கும் கட்டியின் உயிரியலுக்கும் சம்பந்தமில்லை. அளக்கும் கை எவ்வளவு தவறும் என்பதை ஒட்டி வந்த எண் அது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தன் கருவி எவ்வளவு தவறும் என்று முதலில் பார்த்துவிட்டு அதற்கு மேல் விதியை அமைத்த நேர்மை அதில் இருக்கிறது.

விதி நடைமுறையில் எப்படி ஓடுகிறது என்பதற்கு ஓர் உதாரணம். நுரையீரலில் 32 மில்லிமீட்டர் கட்டி ஒன்று, கல்லீரலில் 28, 20 மில்லிமீட்டரில் இரண்டு. கூட்டினால் 80. (மொத்தம் ஐந்து கட்டிகளுக்கு மேல் அளக்கக் கூடாது, ஓர் உறுப்பில் இரண்டுக்கு மேல் கூடாது என்பது 2009 விதி.) எட்டு வாரம் கழித்துக் கூட்டுத்தொகை 54. குறைந்தது 32.5 சதவீதம், பகுதிப் பலன். அடுத்த முறை 50. அதற்கடுத்த முறை 60. இப்போது அந்த நோயாளிக்கு 'நோய் முற்றியது' என்று எழுத வேண்டும். தொடக்கத்தில் இருந்த 80ஐ விட இது குறைவுதானே என்று கேட்கலாம். ஆனால் முற்றுவதைத் தொடக்க அளவோடு ஒப்பிடுவதில்லை. சிகிச்சைக் காலத்தில் எட்டிய மிகக் குறைந்த அளவோடுதான் ஒப்பிட வேண்டும். அதிலிருந்து 20 சதவீதம் கூடி, அந்தக் கூடுதல் குறைந்தது 5 மில்லிமீட்டராகவும் இருந்தால் நோய் முற்றியது. பெரும்பாலான ஆய்வுகளில் அன்றோடு மருந்து நிறுத்தப்படும்.

இங்கே 54க்குப் பதில் 57 என்று அளந்திருந்தால்? 28.75 சதவீதம்தான், பலன் இல்லை, 'நிலையாக இருக்கிறது' என்றே எழுத வேண்டியிருக்கும். மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் எப்படி வரும் என்பதைப் படம் பார்க்கும் மேசையில் உட்கார்ந்தால் உடனே தெரியும். கல்லீரல் கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சிரையில் அயோடின் மருந்தை ஏற்றி 30 வினாடி அளவில் எடுத்த படத்தில் கட்டி ஒரு மாதிரி பளிச்சிடும். 70 வினாடி அளவில் எடுத்த படத்தில் கட்டி மங்கி, சுற்றியிருக்கும் கல்லீரல் பளிச்சிடும். இரண்டிலும் விளிம்பு ஒரே இடத்தில் இருக்காது. போன முறை ஒரு கட்டத்தில் எடுத்த படத்தை அளந்துவிட்டு இந்த முறை இன்னொரு கட்டத்துப் படத்தை அளந்தால், மருந்து எதுவும் செய்யாமலே கட்டி சுருங்கியிருக்கும். நோயாளி மூச்சை வேறு மாதிரி பிடித்திருந்தால் கட்டியின் மிக அகலமான பகுதி இரண்டு துண்டுப் படங்களுக்கு நடுவே விழுந்துவிடும். கட்டியைச் சுற்றி ஒரு மெல்லிய மங்கலான வளையம் இருந்தால் அதைச் சேர்ப்பதா, விடுவதா? எது சரி என்பதைவிட, போன முறை சேர்த்திருந்தால் இந்த முறையும் சேர்க்க வேண்டும் என்பதே முக்கியம்.

அதனால்தான் பெரிய ஆய்வுகளில் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு வரவழைத்து, நோயாளி எந்த மருந்து வாங்குகிறார், அவருடைய உடல்நிலை எப்படி இருக்கிறது என்ற எதுவும் தெரியாத இருவர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். இருவருக்கும் கருத்து மாறினால் மூன்றாமவர் தீர்க்கிறார். 1948இல் மூவர் செய்ததுதான். சிகிச்சை தரும் மருத்துவருக்குத் தன் நோயாளி தேற வேண்டும் என்ற ஆசை இருக்கும், இருக்கவும் வேண்டும். அந்த ஆசை கோட்டை ஒரு மில்லிமீட்டர் உள்ளே நகர்த்தும். அதில் நேர்மைக் குறைவு ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டிலும் ஒரு நுட்பமான ஓட்டை உண்டு. சிகிச்சை தரும் மருத்துவர் நோய் முற்றிவிட்டது என்று முடிவு செய்து மருந்தை நிறுத்துகிறார்; நோயாளி ஆய்விலிருந்து போய்விடுகிறார். மையத்தில் படிப்பவர்களோ அதே படத்தைப் பார்த்து இன்னும் முற்றவில்லை என்கிறார்கள். அவர்கள் கணக்கில் எப்போது முற்றியது என்று சொல்ல அடுத்த படம் வேண்டும். அந்தப் படம் எடுக்கப்படுவதே இல்லை. இப்படி விடுபடுகிறவர்கள் நோய் முற்றும் தறுவாயில் இருந்தவர்கள் என்பதால், அந்த இழப்பு முடிவை ஒரு பக்கமாகச் சாய்த்துவிடும்.

கருவிகளுக்கும் இதே கண்டிப்பு தேவை. சி.டி. ஸ்கேனில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000 என்ற அளவீடு உண்டு. எல்லா மையங்களிலும் கருவி அந்த எண்ணைக் காட்டுகிறதா என்று மாதிரி உருளைகளை ஸ்கேன் செய்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெட் ஸ்கேனில் இன்னும் சிக்கல். கதிரியக்கம் ஏற்றிய குளுக்கோஸைக் கட்டி எவ்வளவு இழுக்கிறது என்று அளக்கிறோம். நோயாளி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாலும், ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தாலும், ஊசி போட்டு 60 நிமிடத்தில் எடுக்க வேண்டிய படத்தை 85 நிமிடத்தில் எடுத்தாலும் எண் மாறிவிடும். ஒரு நோயாளிக்கு முதல் ஸ்கேன் ஒரு கருவியிலும் இரண்டாவது வேறு கருவியிலும் எடுக்கப்பட்டிருந்தால் அந்த இரண்டு எண்களையும் ஒப்பிட நான் தயங்குவேன். ஆய்வு தொடங்கும் முன்பே எந்தக் கருவி, எந்த அமைப்பு, எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று எழுதி வைப்பது வெறும் காகித வேலை என்று நினைக்கிறவர்கள் உண்டு. படங்கள் வந்து சேர்ந்த பிறகு அந்தக் குறையைச் சரிசெய்ய வழியே கிடையாது.

இதுவரை சொன்னது, மருந்து வேலை செய்ததா என்று பார்க்கும் வேலை. என்னைக் கேட்டால், ஆராய்ச்சிக்கு ஸ்கேன் செய்த மிகப் பெரிய உதவி, சரியான நோயாளியைத் தேர்ந்து கொடுத்ததுதான். இதற்குப் பக்கவாத ஆய்வுகளைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டால், ரத்தக்குழாய் வழியாக ஒரு நுண்குழாயைச் செலுத்தி அந்தக் கட்டியை வெளியே இழுத்துவிடலாம். கேட்டாலே புரியும் சிகிச்சை. பலன் தராமல் இருக்குமா என்று தோன்றும். ஆனால் 2013இல் வெளிவந்த மூன்று ஆய்வுகளும் கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்தையோ வழக்கமான சிகிச்சையையோ விட இதில் கூடுதல் பலன் இல்லை என்றன. அவற்றுள் பெரியதான ஐ.எம்.எஸ்.-3 ஆய்வில், பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருப்பதை ஸ்கேனில் உறுதி செய்த பிறகுதான் நோயாளியைச் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இழுப்பதற்கு எட்டும் இடத்தில் கட்டியே இல்லாதவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். அப்போதிருந்த கருவிகளும் பழையவை. 2015இல் வந்த ஐந்து ஆய்வுகள், அடைப்பை ரத்தக்குழாய்ப் படத்தில் பார்த்துவிட்டு, புதிய வலைக்குழாய்க் கருவிகளைப் பயன்படுத்தின. ஐந்திலும் தெளிவான பலன். கைவிடப்பட இருந்த ஒரு சிகிச்சை உலகெங்கும் வழக்கமாயிற்று.

அடுத்த அடி இன்னும் வியப்பானது. பக்கவாதம் வந்து ஆறு மணி நேரம் கடந்துவிட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது அன்றைய நிலை. ஆனால் கடிகாரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சிலருக்குப் பக்கத்துக் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்துகொண்டிருக்கும்; மூளையின் அந்தப் பகுதி செயலிழந்திருக்கும், செத்திருக்காது. யாருக்கு அப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மூளைக்குள் ரத்தம் பாயும் வேகத்தைக் காட்டும் சி.டி.யும் எம்.ஆர்.ஐ.யும் சொல்லும்: இவ்வளவு பகுதி இறந்துவிட்டது, இவ்வளவு பகுதி இன்னும் தவித்துக்கொண்டிருக்கிறது. 2018இல் வெளியான டான் ஆய்வு, 6 முதல் 24 மணி நேரம் வரை கடந்தவர்களில், உடல் பாதிப்பு பெரிதாகவும் இறந்த பகுதி சிறிதாகவும் இருந்தவர்களை மட்டும் சேர்த்தது. 206 பேர். மூன்று மாதம் கழித்துத் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள், கட்டியை இழுத்தெடுத்த குழுவில் 49 சதவீதம். மற்றதில் 13 சதவீதம். அதே ஆண்டில் வந்த டிஃப்யூஸ்-3 ஆய்வில் 45க்கு 17. மருத்துவ ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வித்தியாசம் அபூர்வம். ஸ்கேன் இல்லாமல் எல்லோரையும் ஒன்றாகச் சேர்த்து ஆய்வு செய்திருந்தால், இந்தப் பலன் கூட்டத்தில் கரைந்து காணாமல் போயிருக்கும்.

அல்சைமர் நோயில் இதே பாடத்தை விலை கொடுத்துக் கற்றார்கள். மூளையில் அமிலாய்ட் என்ற புரதம் படிவதை, நோயாளி இறந்த பிறகு மூளையை அறுத்துத்தான் உறுதி செய்ய முடிந்தது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கிளங்க், மேத்திஸ் இருவரும் உருவாக்கிய ஒரு சாயப்பொருள், உயிரோடு இருப்பவர் மூளையில் அந்தப் படிவைப் பெட் ஸ்கேனில் காட்டியது. 2004இல் அந்த முடிவுகள் வெளியாயின. அதன் பிறகு வந்த பாபினியூசுமாப் மருந்து ஆய்வில் நோயாளிகளைச் சேர்த்தது அறிகுறிகளை வைத்துத்தான். சிலருக்கு மட்டும் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், நோய் அபாயத்தைக் கூட்டும் ஏபிஓஇ-4 மரபணு இல்லாதவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோருக்கு மூளையில் அமிலாய்ட் போதிய அளவில் இல்லவே இல்லை. அமிலாய்டை அகற்றும் மருந்தை, அகற்ற அமிலாய்டே இல்லாதவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று அமிலாய்டைக் குறிவைக்கும் ஆய்வுகளில் பெட் ஸ்கேனிலோ முதுகுத் தண்டு நீரிலோ ரத்தப் பரிசோதனையிலோ படிவை உறுதி செய்யாமல் நோயாளியைச் சேர்ப்பதில்லை.

எவ்வளவு மருந்து கொடுப்பது என்ற கேள்விக்கு ஸ்கேன் தரும் பதில் பலருக்குத் தெரியாது. மனநோய் மருந்துகள் மூளையில் டோபமைன் ஏற்பிகளில் போய் உட்காருகின்றன. கதிரியக்கம் ஏற்றிய ராக்ளோபிரைடு என்ற பொருளைச் செலுத்தி, மருந்து எத்தனை இருக்கைகளைப் பிடித்திருக்கிறது என்று சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் லார்ஸ் ஃபார்டே குழுவினர் 1980களில் அளந்தார்கள். அவர்களும் பின்னால் வந்தவர்களும் செய்த அளவுகளிலிருந்து, ஏறத்தாழ 65 முதல் 80 சதவீதம் வரை பிடித்தால் நோய் அடங்குகிறது, 80ஐத் தாண்டினால் கை கால் விறைப்பு, நடுக்கம் போன்ற தொல்லைகள் கூடுகின்றன என்று தெரிந்தது. சில தன்னார்வலர்களைக் கொண்டு செய்யும் இப்படியொரு பெட் ஆய்வு, தவறான அளவில் மருந்தைப் பல நூறு பேருக்குக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கும். புதிய மூளை மருந்துகளை உருவாக்குகிறவர்கள் இதைச் செய்யாமல் பெரிய ஆய்வுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி இரண்டாவது நிபந்தனை. எண் சரியாகவே அளக்கப்பட்டது. ஆனால் அது நோயாளிக்கு எதையாவது சொல்கிறதா?

1990இல் வெளியான ஓர் ஆய்வை ஒவ்வொரு மருத்துவ மாணவரும் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எலும்பு தேய்ந்து முதுகெலும்பு முறிவு ஏற்பட்ட, மாதவிடாய் நின்ற 202 பெண்கள். பாதிப் பேருக்கு சோடியம் ஃபுளோரைடு. நான்கு ஆண்டுகளில் ஸ்கேனில் அவர்கள் முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. இதைவிடப் பிரமாதமான ஸ்கேன் முடிவு கிடைக்காது. ஆனால் புதிய முதுகெலும்பு முறிவுகள் குறையவில்லை. மற்ற எலும்புகளில் முறிவுகளும் விரிசல்களும் ஏறத்தாழ மூன்று மடங்காயின. ஃபுளோரைடு சேர்ந்த எலும்பு அடர்த்தியாக இருந்தது, ஆனால் அமைப்புக் கெட்டு, எளிதில் முறிவதாக இருந்தது. ஸ்கேன் அளந்தது தாதுவின் அளவை; அது சரியான எண்தான். வலிமையை அது அளக்கவில்லை. மற்ற எலும்புத் தேய்வு மருந்துகளில் அடர்த்தி கூடினால் முறிவு குறைகிறது என்பதும் உண்மை. ஒரு மருந்துக்குப் பொருந்தும் கணக்கு இன்னொரு வழியில் வேலை செய்யும் மருந்துக்குப் பொருந்த வேண்டியதில்லை.

மூளைப் புற்றுநோயான கிளியோபிளாஸ்டோமாவில் நடந்தது இதைவிட நுட்பமானது. எம்.ஆர்.ஐ.யில் இந்தக் கட்டி பளிச்சென்று தெரிவதற்குக் காரணம், கட்டியின் ரத்தக்குழாய்கள் ஒழுகுவதும் அந்த ஒழுகல் வழியாகக் காடோலினியம் என்ற சாயப்பொருள் வெளியே வருவதும். பெவாசிசுமாப் என்ற மருந்து ரத்தக்குழாய்களின் ஒழுகலை அடைக்கிறது. மருந்து கொடுத்த சில நாட்களிலேயே படத்தில் கட்டி மங்கிவிடும். செல்கள் செத்தனவா, சாயம் கசிவது நின்றதா என்பதைப் படம் பிரித்துச் சொல்லாது. சிகிச்சைக்குப் பின் திரும்பி வந்த நோய்க்கு 2009இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கு விரைவு அனுமதி அளித்தது. அடிப்படை, ஸ்கேனில் தெரிந்த சுருக்கம். பிறகு, புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் நடந்த ஆவாகிளியோ ஆய்வு 2014இல் வெளிவந்தது. நோய் முற்றாமல் இருந்த காலம் 6.2 மாதத்திலிருந்து 10.6 மாதமாக நீண்டது. உயிரோடு இருந்த காலமோ 16.7 மாதம், 16.8 மாதம். வீக்கம் தணிவது நோயாளிக்கு உதவாமல் இல்லை. ஆனால் ஆயுளைக் கூட்டுகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்கவே 2010இல் 'ரானோ' விதிகள் வந்தன. பளிச்சிடும் பகுதியை மட்டும் பாராமல், சுற்றியுள்ள வீக்கப் பகுதியையும், நோயாளி எடுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு அளவையும், அவருடைய உடல்நிலையையும் சேர்த்தே பார்க்கச் சொல்கின்றன.

எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புற்றுநோய் மருந்துகளில், எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் திரண்டு நுழைவதால் சிலருக்குக் கட்டி முதலில் பெருத்துப் பிறகு சுருங்கும். பழைய விதிப்படி முதல் ஸ்கேனிலேயே மருந்தை நிறுத்தியிருப்பார்கள். 2017இல் வந்த மாற்றப்பட்ட விதி, நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் இன்னொரு ஸ்கேனில் உறுதி செய்யச் சொல்கிறது. கொழுப்பைக் குறைக்கும் எசெட்டிமைபு மருந்தின் கதையும் இப்படித்தான். 2008இல் 720 பேரிடம் நடந்த ஆய்வில், கழுத்து ரத்தக்குழாய்ச் சுவரின் தடிப்பை அல்ட்ராசவுண்டில் அளந்தபோது மருந்தால் வித்தியாசமே இல்லை. மருந்து வீண் என்ற பேச்சு எழுந்தது. பின்னர் 18,144 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2015இல் வெளியானபோது, மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பாதிப்புகள் சிறிதளவாவது குறைந்தது தெரிந்தது: 34.7 சதவீதத்திலிருந்து 32.7. படம் 'இல்லை' என்றது. நோயாளிகளின் வாழ்வு 'கொஞ்சம் உண்டு' என்றது.

இந்த இரண்டு பக்கத்து அனுபவமும் இருக்கும்போதுதான் 2021இல் அல்சைமர் நோய்க்கான அடுகானுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் விரைவு அனுமதி கிடைத்தது. பெட் ஸ்கேனில் அமிலாய்ட் தெளிவாகக் குறைந்தது. ஆனால் இரண்டு பெரிய ஆய்வுகளில் ஒன்றில்தான் நினைவாற்றல் சரிவு மெதுவானது. மற்றதில் பலன் இல்லை. ஆலோசனைக் குழு எதிராகச் சொல்லியும் படத்தை அடிப்படையாக வைத்து அனுமதித்தார்கள். குழு உறுப்பினர்கள் மூவர் விலகினார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்பது என் கருத்து. அதன் பிறகு வந்த லெகனெமாப் ஆய்வு, 1,795 பேரிடம் 18 மாதம் நடத்தி, அமிலாய்டும் குறைகிறது, சரிவும் மெதுவாகிறது என்று காட்டியது. ஆனால் நோயின் தீவிரத்தை அளக்கும் 18 புள்ளி அளவுகோலில் வித்தியாசம் 0.45 புள்ளி. ஸ்கேனில் தெரியும் பிரமாண்டமான மாற்றத்துக்கும் வீட்டில் தெரியும் மாற்றத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம்.

அதே லெகனெமாப் ஆய்வில் ஸ்கேன் இன்னொரு வேலையும் செய்தது. மருந்து வாங்கியவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளையில் வீக்கம் ஏற்பட்டதை எம்.ஆர்.ஐ. காட்டியது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இல்லை. ஸ்கேன் எடுக்காமல் இருந்தால் தெரிந்திருக்காது, மருந்தும் தொடர்ந்திருக்கும். இந்த வகை மருந்துகளைப் பொறுத்தவரை, பலனை அளக்கும் ஸ்கேனைவிடப் பாதுகாப்புக்கான ஸ்கேன் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆய்வுக்காக ஸ்கேன் எடுக்கச் சம்மதிக்கிறவர் எதற்குச் சம்மதிக்கிறார் என்பதையும் சொல்லியாக வேண்டும். சி.டி.யிலும் பெட்டிலும் கதிர்வீச்சு உண்டு. தேவைக்கு மேல் ஒரு ஸ்கேன்கூடத் திட்டத்தில் இருக்கக் கூடாது. தேடாதது கண்ணில் படும். நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வில் 2,000 பேருக்கு மூளை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 7.2 சதவீதம் பேருக்குத் தெரியாமலே வந்துபோன மூளை ரத்த ஓட்டத் தடை, 1.8 சதவீதம் பேருக்கு ரத்தக்குழாய்ப் புடைப்பு, 1.6 சதவீதம் பேருக்குச் சாதாரணக் கட்டிகள் இருந்ததாக 2007இல் வெளியிட்டார்கள். அப்படிக் கண்டால் யார், எப்போது, எப்படிச் சொல்வது என்பதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதியிருக்க வேண்டும். பெயரை நீக்கிவிட்டால் படம் யாருடையது என்று தெரியாது என்ற எண்ணமும் இப்போது செல்லாது. 84 பேரின் தலை எம்.ஆர்.ஐ.யிலிருந்து முகத்தை உருவாக்கி, அவர்களுடைய புகைப்படங்களோடு முகம் அறியும் மென்பொருளில் ஒப்பிட்டபோது 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. மற்றவர்களோடு பகிரும் முன் முகப் பகுதியை அழிப்பது கட்டாயம்.

செய்தியிலோ கட்டுரையிலோ ஸ்கேன் முடிவு ஒன்றைப் பார்த்தால் நான் தேடுவது இவைதான். படத்தைப் படித்தவருக்கு யார் எந்த மருந்து வாங்கினார் என்பது தெரியுமா? எந்த விதிப்படி, எதோடு ஒப்பிட்டு அளந்தார்கள்? இந்த மருந்து நோயை மாற்றுகிறதா, நோய் படத்தில் தெரியும் விதத்தை மட்டும் மாற்றுகிறதா? இதே வழியில் வேலை செய்யும் வேறு மருந்தில், இதே அளவு மாறியபோது நோயாளிகள் நீண்ட காலம் வாழ்ந்தார்களா, முறிவுகள் குறைந்தனவா, தம் வேலையைத் தாமே செய்தார்களா? கடைசியாக, பலரும் பார்க்காமல் விடும் ஒன்று: தொடக்கத்தில் ஸ்கேன் எடுத்தவர்களில் எத்தனை பேருக்கு இறுதி ஸ்கேன் எடுக்கப்பட்டது, எடுக்கப்படாதவர்கள் ஏன் வரவில்லை. பின்னிணைப்பில் எங்கோ சிறிய எழுத்தில் இருக்கும் அந்த அட்டவணையை நான் முதலில் படிப்பேன்.